350-ஆ, 650-ஆ? க்ரூஸர் வாங்கும் முன் செய்து பார்க்க வேண்டியவை

தாழ்ந்த இருக்கையும் முன்னால் நீட்டிய கால் மிதியும் கொண்ட க்ரூஸர் வகை மோட்டார் சைக்கிள் வாங்கத் தீர்மானித்தவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து தயங்கி நிற்கிறார்கள். நடுத்தர அளவோடு நிறுத்திக்கொள்வதா, கடன் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்று பெரிய வண்டியையே எடுத்துவிடுவதா என்பதுதான் அந்தத் தயக்கம். இதைப் பொத்தாம்பொதுவாகப் பேசினால் யாருக்கும் பயன்படாது என்பதால், நம் சாலைகளில் பழக்கப்பட்ட இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்கிறேன்: ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350, அதன் பெரிய உறவான சூப்பர் மீட்டியோர் 650. முன்னது 2020 நவம்பரிலும் பின்னது 2023 ஜனவரியிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. இரண்டும் ஒரே நிறுவனத்தின் வண்டிகள், ஒரே சாயல் கொண்டவை. முன் டயரின் அளவுகூட இரண்டிலும் ஒன்றுதான். ஆகவே பெயரையும் அழகையும் ஒதுக்கிவைத்துவிட்டு, அளவு மாறும்போது என்னென்ன மாறுகிறது என்பதை மட்டும் பார்க்க இந்த ஜோடி மிகவும் வசதியானது. வேறு நிறுவனத்தின் வண்டியை மனத்தில் வைத்திருப்பவர்களும் கீழே சொல்லும் சோதனைகளை அப்படியே செய்து பார்க்கலாம்.

பெரிய க்ரூஸரைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் நெடுஞ்சாலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் ஒரு வண்டியோடு நமக்கு இருக்கும் உறவில் பெரும்பகுதி நெடுஞ்சாலையில் நடப்பதில்லை. வாசலில் இருந்து வெளியே எடுப்பதிலும், சிக்னலில் நிறுத்துவதிலும், குறுகிய தெருவில் திருப்புவதிலும், கோயில் வாசலிலோ மருத்துவமனை வாசலிலோ நெருக்கடியில் செருகி வைப்பதிலுமே அது கழிகிறது. வண்டி ஓடாதபோதும் ஊர்ந்து செல்லும்போதும் உங்கள் கைக்கு அடங்குகிறதா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். வேகத்தைப் பற்றிய கேள்வி அதற்கு அப்புறம்தான் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எடையைக் கையால் அறிவது

பெட்ரோலும் ஆயிலும் சேர்த்து மீட்டியோர் 350-இன் எடை 191 கிலோ. சூப்பர் மீட்டியோர் 650-இன் எடை 241 கிலோ. வித்தியாசம் சரியாக 50 கிலோ, அதாவது ஒரு முழுச் சிமெண்ட் மூட்டை. ஷோரூமில் இந்த மூட்டை கண்ணுக்குத் தெரியாது. தரை சமமாக, வழுவழுப்பான டைல்ஸ் பதித்ததாக இருக்கும்; வண்டி நேராக நிற்கும்; ஊழியர் ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டிருப்பார். போதாக்குறைக்கு, பெரிய வண்டியின் இருக்கை உயரம் 740 மில்லிமீட்டர்தான். சிறிய வண்டியின் 765-ஐவிட அது தாழ்வு. ஏறி அமர்ந்தவுடன் இரண்டு பாதங்களும் தரையில் பதிவதால், "இவ்வளவுதானா, இதற்கா பயந்தோம்" என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது.

என் மைத்துனருக்கும் அப்படித்தான் தோன்றியது. அவர் ஐந்தடி நான்கங்குலம் உயரம். உடல் வலுவில் குறை சொல்ல முடியாதவர். அவருடைய நண்பர் ஒருவர் 650-ஐ ஒரு மாலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, அதை வாசல் சாய்தளத்தின் வழியாகப் பின்னோக்கித் தெருவுக்கு இறக்கிப் பார்க்கிறேன் என்று ஏறி அமர்ந்தார். சாய்தளம் முடியும் இடத்தில் சாக்கடை மூடிக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே ஓர் அங்குலப் பள்ளம் இருந்தது. பின் சக்கரம் அதைத் தாண்டியது. முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஹேண்டில்பார் வலப்பக்கம் திரும்பிக்கொண்டது. அவருடைய வலது கால் ஊன்ற வேண்டிய இடத்தில் தரை இரண்டு அங்குலம் தாழ்வாக இருந்தது. வண்டி சாய்வதை நான் பார்த்துவிட்டு ஓடிப் பிடித்தும் எங்களால் நிமிர்த்த முடியவில்லை. மெதுவாகக் கீழே கிடத்தத்தான் முடிந்தது. யாருக்கும் அடி இல்லை, பிரேக் லீவர் மட்டும் வளைந்தது. அந்தச் சாய்தளம் அவர் தினமும் இரண்டு வேளை கடக்க வேண்டிய இடம் என்பதுதான் அன்று எங்கள் இருவருக்கும் உறைத்த செய்தி.

ஆகவே முதல் சோதனையை ஷோரூமில் செய்யாதீர்கள், உங்கள் வீட்டு வாசலில் செய்யுங்கள். சோதனை ஓட்டத்துக்கு வண்டியை வீட்டுக்கே கொண்டுவரச் சொன்னால் பல விற்பனையாளர்கள் அனுப்பிவைக்கிறார்கள். இல்லையென்றால் வண்டி வைத்திருக்கும் நண்பரைக் கேளுங்கள். வண்டியை வழக்கமாக நிறுத்தப்போகும் இடத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்துவிட்டு, யாருடைய உதவியும் இல்லாமல் தெருவுக்கு எடுத்து, திருப்பி, மறுபடியும் உள்ளே கொண்டுபோய் நிறுத்துங்கள். ஒருமுறை இருக்கையில் அமர்ந்தபடியும், ஒருமுறை இடப்பக்கம் நின்று தள்ளியபடியும் செய்யுங்கள். நீங்கள் அன்றாடம் போடும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டே செய்யுங்கள்; புதுப் பூட்ஸ் அணிந்து செய்த சோதனை உண்மையைச் சொல்லாது. அடுக்குமாடியில் வசிப்பவர்கள் அடித்தள வாகன நிறுத்தத்தின் சரிவில், பக்கத்து வண்டிகள் இரண்டும் நிற்கும் நேரத்தில் இதைச் செய்து பார்க்க வேண்டும். மூச்சு வாங்குவதில் தவறில்லை. ஆனால் நடுவில் ஒருமுறையாவது "போய்விடுமோ" என்று நெஞ்சு திடுக்கிட்டால், அந்தத் திடுக்கிடலை நாளொன்றுக்கு இரண்டு முறை, ஆண்டுக்கு முந்நூறு நாள் அனுபவிக்கப்போகிறீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இருக்கை உயரம் 25 மில்லிமீட்டர் குறைவு என்பதை மட்டும் வைத்துக் குட்டையானவர்களுக்குப் பெரிய வண்டி சுலபம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இருக்கை அகலமாக இருக்கும்போது தொடைகள் விரிந்து, காலின் நீளத்தில் ஒரு பகுதி அகலத்துக்கே செலவாகிவிடுகிறது. பாதம் முழுவதும் பதிகிறதா என்பதோடு, முழங்கால் சற்று மடங்கிய நிலையில் பதிகிறதா என்பதையும் கவனியுங்கள். நீட்டிய காலால் எடையைத் தாங்க முடியாது, மடங்கிய காலால்தான் தாங்க முடியும்.

சாய்ந்த வண்டியை நிமிர்த்தும் முறையை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டி உருளாதபடி கியரில் போடுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால், நிமிர்த்தும்போது மறுபக்கம் சாய்ந்துவிடாமல் இருக்கச் சைடு ஸ்டாண்டை முதலிலேயே இறக்கிவிடுங்கள். ஹேண்டில்பாரைத் தரைப்பக்கமாக முழுவதும் திருப்பிக்கொண்டு, இருக்கையின் விளிம்பில் உங்கள் இடுப்பு படும்படி வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பின்புறக் கைப்பிடியையோ சட்டகத்தையோ பிடித்துக்கொண்டு, சிறு சிறு அடிகளாகப் பின்னோக்கி நடந்தபடி கால் வலுவால் தள்ளுங்கள். கைகளால் தூக்க முயன்றால் முதுகு பிடித்துக்கொள்ளும். இந்த முறையில் 191 கிலோ வண்டியைச் சராசரி உடல்வாகு உள்ளவர் தனியாக நிமிர்த்திவிடலாம்; 241 கிலோவைப் பழகியவர் நிமிர்த்துவார், மற்றவர்கள் ஆள் வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

வேகத்தடைகளின் கணக்கு

நம் ஊரில் இதைவிட முக்கியமான அளவு வேறொன்று இல்லை என்றே சொல்வேன். வண்டியின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி மீட்டியோர் 350-இல் 170 மில்லிமீட்டர், சூப்பர் மீட்டியோர் 650-இல் 135 மில்லிமீட்டர். இரண்டு சக்கரங்களின் அச்சுகளுக்கு இடையிலான நீளம் சிறியதில் 1,400, பெரியதில் 1,500. நீளமும் தாழ்வும் சேரும்போதுதான் அடி தட்டும்.

சாலைகளுக்கான தரத்தை வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த விதிப்படி, வட்ட வடிவ வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு, 17 மீட்டர் ஆரமுள்ள வளைவாக இருக்க வேண்டும். அப்படி ஒரு வேகத்தடை உங்கள் தெருவில் இருந்தால் கவலையே வேண்டாம். வண்டி முழுவதுமே அந்த மேட்டின் மேல் ஏறி நிற்கும் அளவுக்கு அது அகலமானது. 1,500 மில்லிமீட்டர் நீளத்துக்கு அந்த வளைவு எடுத்துக்கொள்ளும் உயரம் கணக்குப் போட்டால் 17 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். சிக்கல், ஊர்க்காரர்கள் தாங்களாகவே கொட்டிவைத்த குறுகிய மேடுகளில் இருக்கிறது. ஒன்றரை அடி அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கொட்டிய மேடு, முன் சக்கரம் இறங்கி, பின் சக்கரம் ஏறுவதற்கு முன்பு, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் முழு உயரத்தோடு நிற்கும். 135-இல் 100 போனால் மிச்சம் 35 மில்லிமீட்டர். பின்னால் ஒருவர் அமர்ந்து, பையும் மாட்டியிருந்தால் ஸ்பிரிங் அமுங்குவதிலேயே அந்த 35 பெரும்பாலும் கரைந்துவிடும். மேட்டின் மேல் சைலன்சர் உராயும் அந்தக் கரகர ஒலியைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். சிறிய வண்டியில் அதே இடத்தில் மிச்சம் 70 மில்லிமீட்டர்.

ஆகவே இரண்டாவது சோதனை இது: வீட்டிலிருந்து அலுவலகத்துக்கும், வீட்டிலிருந்து நெடுஞ்சாலைக்கும் போகும் வழியில் உள்ள குறுகிய மேடுகளை ஒருநாள் எண்ணிப் பாருங்கள். பின்னால் அமரப்போகிறவரை அமர்த்திக்கொண்டு அவற்றில் மிக மோசமானதன் மேல் சோதனை வண்டியை நடைவேகத்தில் ஏற்றி இறக்குங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பணம் கொடுத்த பிறகு அந்த ஒலியை முதன்முதலாகக் கேட்பதைவிட இது மேல். தட்டினால், பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கைச் சி-ஸ்பேனரால் ஓரிரு படி இறுக்கச் சொல்லி மறுபடி பார்க்கலாம். பல சமயம் அதிலேயே சரியாகிவிடும். ஆனால் தனியாக ஓட்டும்போது அந்த இறுக்கம் இடுப்பில் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதும் இங்கேதான் வருகிறது. சாதாரண வண்டியில் கால்கள் உடலுக்கு நேர் கீழே இருப்பதால், பள்ளம் வரும்போது சற்றே எழுந்து அதிர்வைக் காலில் வாங்கிக்கொள்ளலாம். க்ரூஸரில் கால்கள் முன்னால் நீட்டியிருப்பதால் எழ முடியாது; பள்ளத்தின் அதிர்ச்சி முழுவதும் முதுகுத்தண்டின் அடியில்தான் இறங்கும். சூப்பர் மீட்டியோரின் பின் சஸ்பென்ஷன் நகரும் தூரம் 101 மில்லிமீட்டர் மட்டுமே. நல்ல தார்ச்சாலையில் அது மிதப்பது போலப் போகும், பள்ளம் விழுந்த சாலையில் ஒவ்வொரு பள்ளத்தையும் எடுத்துச் சொல்லும். ஏற்கெனவே முதுகுவலி உள்ளவர்கள் பத்து நிமிடச் சோதனை ஓட்டத்தை நம்பி எந்த க்ரூஸரையும் வாங்கக் கூடாது; ஒரு மணி நேரமாவது தொடர்ந்து அமர்ந்து பார்க்க வேண்டும்.

பெரிய இன்ஜின் எங்கே கைகொடுக்கிறது

இதுவரை சொன்னதை வைத்து நான் பெரிய வண்டிக்கு எதிரானவன் என்று எண்ணிவிடக் கூடாது. அது தருவதைச் சிறிய வண்டி எந்த நாளும் தர முடியாது. மீட்டியோரில் இருப்பது 349 சி.சி. ஒற்றை சிலிண்டர் இன்ஜின். 20 குதிரைத்திறன், 27 நியூட்டன் மீட்டர் இழுவிசை, ஐந்து கியர். சூப்பர் மீட்டியோரில் இருப்பது 648 சி.சி. இரட்டை சிலிண்டர் இன்ஜின். 46 குதிரைத்திறனுக்குச் சற்று மேல், 52 நியூட்டன் மீட்டர், ஆறு கியர். இந்த எண்களைத் தனியாகப் பார்க்காமல், நீங்கள் ஏற்றப்போகும் சுமையோடு சேர்த்துப் பாருங்கள். ஓட்டுபவர் 75 கிலோ, பின்னால் அமர்பவர் 65 கிலோ, பைகள் 20 கிலோ என்று வைத்தால் சிறிய வண்டி மொத்தம் 351 கிலோவையும் பெரிய வண்டி 401 கிலோவையும் இழுக்க வேண்டும். ஒரு குதிரைத்திறன் மீட்டியோரில் 17 கிலோவுக்கு மேல் சுமக்கிறது. சூப்பர் மீட்டியோரில் 9 கிலோவுக்கும் குறைவாகச் சுமக்கிறது. ஏறக்குறைய பாதிக்குப் பாதி.

இந்த வித்தியாசத்தை உச்ச வேகமாக எண்ணிக்கொள்வதுதான் பலர் செய்யும் தவறு. நான்குவழிச் சாலைகளில் இருசக்கர வண்டிக்கு விதிக்கப்படும் வேக வரம்பு பெரும்பாலும் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. மீட்டியோர் அந்த வேகத்தில் நாள் முழுவதும் அலட்டிக்கொள்ளாமல் ஓடும். 100-ஐ நெருங்கும்போதுதான் இன்ஜின் முக்குவது கால் மிதியிலும் கைப்பிடியிலும் தெரியும். அப்படியென்றால் பெரிய இன்ஜினால் என்ன ஆதாயம்? இருவழிச் சாலையில் கரும்பு லாரி ஒன்றின் பின்னால் 50-இல் போய்க்கொண்டிருக்கும்போது, எதிரே சாலை காலியாவதைப் பார்த்து வலப்பக்கம் வந்து, லாரியைக் கடந்து, மறுபடி இடப்பக்கம் சேரும் வரை நீங்கள் எதிர்த்திசையில் இருக்கிறீர்கள் அல்லவா, அந்த நேரம் பெரிய வண்டியில் வெகுவாகக் குறைகிறது. தனியாகப் போகும்போது மீட்டியோரும் இதைச் செய்துவிடும். இரண்டு பேரும் பைகளும் இருக்கும்போது கியரைக் குறைத்து, இடைவெளியைக் கூடுதலாக எதிர்பார்த்து, சில சமயம் "வேண்டாம், அடுத்த வாய்ப்புக்குப் பார்ப்போம்" என்று பின்வாங்க வேண்டியிருக்கும். ஆண்டில் எத்தனை நாள் நீங்கள் இருவராக, நூறு கிலோமீட்டருக்கு மேல், இத்தகைய சாலையில் போகிறீர்கள் என்பதைக் கடந்த ஆண்டின் பயணங்களை நினைவுபடுத்தித் தாளில் எழுதுங்கள். போக ஆசைப்படும் பயணங்களை எழுதாதீர்கள், போன பயணங்களை மட்டும் எழுதுங்கள். பதினைந்து இருபது நாளைத் தாண்டினால் பெரிய வண்டிக்கு நியாயம் இருக்கிறது. ஐந்தாறு நாள்தான் என்றால் அந்த ஐந்தாறு நாளுக்காக மீதி நாளெல்லாம் ஒரு சிமெண்ட் மூட்டையைச் சுமப்பதாக ஆகிவிடும்.

மலைப்பாதையில் கணக்கு சற்று மாறுகிறது. ஏற்காட்டுக்கு ஏறும்போது பின்னால் ஒருவர் இருந்தால் பெரிய இன்ஜினின் இழுவை மனத்துக்கு நிம்மதி தரும். ஆனால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் போன்ற நெருக்கமான பாதையில் நீளமும் எடையும் குறைந்த வண்டியே சொன்னபடி திரும்பும். க்ரூஸர்கள் தாழ்வானவை என்பதால் இரண்டிலுமே கால் மிதி சீக்கிரம் தரையில் உரசும். ஆகவே மலை வளைவுகளில் வேகமாகச் சாய்த்து ஓட்ட விரும்புகிறவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு வேறு வகை வண்டியைப் பார்ப்பது நலம்.

வெப்பத்தைப் பற்றி ஒரு சொல். இரண்டு இன்ஜின்களும் காற்றாலும் ஆயிலாலும் குளிர்பவை. தண்ணீர் ரேடியேட்டர் கிடையாது. ஓடும்போது காற்று வேலையைச் செய்துவிடும். அக்னி நட்சத்திர நாட்களில் மதியம் இரண்டு மணிக்கு மூன்று நிமிடச் சிக்னலில் நிற்கும்போது, இரட்டை சிலிண்டரின் அனல் கெண்டைக்காலில் நன்றாகவே தெரியும். தினமும் நகர நெரிசலில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஊர்ந்து செல்பவர்கள், சோதனை ஓட்டத்தைக் காலை இளவெயிலில் வைத்துக்கொள்ளாமல் நெரிசல் நேரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பணம்

விலையில் மட்டுமின்றி வரியிலும் காப்பீட்டிலும்கூட 350 சி.சி. என்பது ஓர் எல்லைக்கோடு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு, முன்பு செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 31 சதவீதமாக இருந்தது 40 சதவீதமாக உயர்ந்தது. 349 சி.சி. கொண்ட மீட்டியோர் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறது. ஏற்கெனவே இருந்த விலை இடைவெளி இதனால் இன்னும் விரிந்து, பெரிய வண்டியின் எக்ஸ்-ஷோரூம் விலை (வாழ்நாள் வரியும் காப்பீடும் சேராத விலை) சிறியதன் விலையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது.

இதற்கு மேல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்கு வாழ்நாள் வரி 12 சதவீதம். இரண்டு லட்ச ரூபாய் வண்டிக்கு 24,000, நான்கு லட்ச ரூபாய் வண்டிக்கு 48,000 என்று அதுவும் விலையோடு இரட்டிக்கிறது. புது வண்டிக்குக் கட்டாயமான ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு, 2022-இல் நிர்ணயித்த கட்டணப்படி 150 முதல் 350 சி.சி. வரை 7,365 ரூபாய், 350-ஐத் தாண்டினால் 15,117 ரூபாய், வரி தனி. ஆகவே விலைப்பட்டியல் கேட்கும்போது எக்ஸ்-ஷோரூம் விலையை விட்டுவிட்டு, சாலைக்கு வரும் மொத்தத் தொகையை இரண்டு வண்டிக்கும் எழுத்தில் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஓட்டும் செலவு ஓரளவு யூகிக்கக்கூடியது. மீட்டியோர் லிட்டருக்கு 35 கிலோமீட்டரை ஒட்டியும் சூப்பர் மீட்டியோர் 25-ஐ ஒட்டியும் தருவதாக வைத்துக்கொண்டால், ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவருக்குப் பெட்ரோல் வித்தியாசம் 114 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றால் பதினோராயிரத்துச் சொச்சம். இதில் எனக்குப் பெரிய கவலை இல்லை. டேங்கின் அளவு 15 லிட்டர், 15.7 லிட்டர் என்று ஏறக்குறைய சமமாக இருப்பதால், நீண்ட பயணத்தில் பெரிய வண்டி அடிக்கடி பங்க்கில் நிற்கும் என்பதுதான் நடைமுறையில் தெரியும். சர்வீஸில் பெரியதற்கு ஆயில் அதிகம், ஸ்பார்க் பிளக் இரண்டு, சரிபார்க்க வேண்டிய வால்வுகள் எட்டு. சிறியதில் பிளக் ஒன்று, வால்வுகள் இரண்டு. பெரிய வண்டியின் பின் டயர் அகலமானது, விலையும் கூடுதல். மீட்டியோரில் சென்டர் ஸ்டாண்டு இருப்பதால் வீட்டிலேயே செயினைத் துடைத்து எண்ணெய் விடுவது சுலபம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெரிய வண்டிதான் பொருத்தம் என்று தெளிவாகிவிட்ட பிறகு கைப்பணம் மட்டும் இடித்தால், இரண்டு மூன்று ஆண்டு ஓடிய வண்டியைத் தேடுவது நல்ல வழி. வாழ்நாள் வரி ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கும். ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டில் மிச்சம் இருக்கலாம். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்தை வாங்குவதற்கு முன், ஆர்.சி.யில் கடன் குறிப்பு நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கால் மிதியின் நுனி, லீவரின் முனை, சைலன்சரின் அடிப்பாகம் ஆகிய மூன்றையும் குனிந்து பார்த்தால் அந்த வண்டி எத்தனை முறை சாய்ந்தது, எத்தனை மேட்டில் தட்டியது என்பது தெரிந்துவிடும்.

உரிமமும் பழக்கமும்

ஐரோப்பிய நாடுகளில் இளைஞர்கள் 35 கிலோவாட் வரையிலான வண்டியை இரண்டு ஆண்டு ஓட்டிப் பழகிய பின்னரே வரம்பற்ற வண்டிக்கு உரிமம் பெறும் முறை இருக்கிறது. சூப்பர் மீட்டியோரின் 34.6 கிலோவாட் திறன் அந்த வரம்புக்குள் அடங்குகிறது. இந்தியாவில் கியர் வண்டிக்கு ஒரே உரிமம்தான், 100 சி.சி. வண்டியில் எட்டுப் போட்டு வாங்கிய உரிமத்தோடு 650-இல் ஏறினால் சட்டம் தடுக்காது. சட்டம் வைக்காத படிக்கட்டை நாமே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இதுவரை 125, 150 சி.சி. வண்டியோ ஸ்கூட்டரோ மட்டுமே ஓட்டியவர்கள், பணம் இருந்தாலும், மீட்டியோர் அளவிலான வண்டியில் ஓராண்டாவது பழகிவிட்டுப் பெரியதற்குப் போகட்டும். ஸ்கூட்டரின் எடை ஏறக்குறைய நூற்றுப் பத்துக் கிலோ. அங்கிருந்து 241-க்கு ஒரே தாவாகத் தாவும்போது, ஆபத்து வேகத்தில் வருவதில்லை. முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டில்பாரைத் திருப்பும் பழைய பழக்கம் யு-டர்னின் நடுவில் கைக்கு வந்துவிடும்போதுதான் வருகிறது.

இரண்டுக்கும் நடுவில் மனம் இன்னும் ஊசலாடினால் வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து உள்ள வாடகை வண்டிகள் இப்போது பெரிய ஊர்களில் கிடைக்கின்றன. ஒரு வார இறுதியில் ஒன்றும் அடுத்த வார இறுதியில் மற்றொன்றுமாக எடுத்து, இரண்டிலும் ஒரே வழியில், ஒரே ஆளைப் பின்னால் அமர்த்திப் போய் வாருங்கள். எடுக்கும்போதே கீறல்களைப் புகைப்படம் எடுத்துக்கொண்டால் முன்பணத்தைத் திரும்ப வாங்கும்போது வாக்குவாதம் இருக்காது. பின்னால் அமர்ந்தவரிடம் இறங்கியவுடன் கருத்துக் கேட்காதீர்கள், மறுநாள் காலையில் கேளுங்கள். வலி எங்கே இருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கே தெரியும். முதுகு சாய்ப்பானும் காற்றுத் தடுப்பானும் எந்த வகைப் பதிப்பில் வருகின்றன என்பதையும் பாருங்கள்: மீட்டியோரில் சூப்பர்நோவா, சூப்பர் மீட்டியோரில் செலஸ்டியல் ஆகியவை அவற்றோடு வருகின்றன. பின்னால் அமர்பவர் நிரந்தரமானவர் என்றால் அந்தக் கூடுதல் தொகை வீண் செலவு அல்ல.

பெரிய வண்டியே என்று முடிவானால், டெலிவரி எடுக்கும் நாளை ஞாயிறு காலையாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நேரம் பார்ப்பவர்கள் அதற்குள்ளேயே ஒரு முகூர்த்தத்தைப் பார்த்துக்கொள்ளலாம். மாலை நெரிசலில், மாலை போட்ட புது வண்டியோடு, வாழ்த்துச் சொல்ல வந்த நண்பர்கள் பின்தொடர வீட்டுக்கு வருவது முதல் நாளுக்கு ஏற்ற பயணம் அல்ல. பூஜை முடிந்ததும் ஆளில்லாத மைதானத்துக்குப் போய் அரை மணி நேரம் முதல் கியரில், கிளட்ச்சைப் பாதி விட்டுப் பிடித்து, பின் பிரேக்கை மட்டும் மெல்ல அழுத்தியபடி இடமும் வலமுமாக வட்டமிட்டுப் பழகுங்கள். வலப்பக்க வட்டம் பலருக்கும் கடினமாக இருக்கும். அது இடப்பக்க வட்டத்தின் அளவுக்குச் சுருங்கும் வரை பின்னால் யாரையும் ஏற்ற வேண்டாம். அதன் பிறகு வீட்டுக்கு வந்து, வாசல் சாய்தளத்தின் அடியில் நிறுத்தி இறங்கி, பள்ளம் எங்கே இருக்கிறது, எந்தக் காலை எங்கே ஊன்றுவது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, பிறகு ஏற்றுங்கள். அந்தப் பள்ளத்தை ஒரு சட்டிச் சிமெண்ட் கலவையால் நிரப்பிவிட முடியும் என்றால், வண்டி வருவதற்கு முந்தைய வாரமே கொத்தனாரை வரச் சொல்லிவிடுங்கள்.